கல்லூரி அறிமுக வானியல்: எதை முதலில் படிப்பது, எங்கெங்கே சறுக்கும்

பாடப்புத்தகம் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் நேராகக் கருந்துளை அத்தியாயத்தைத்தான் திறப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பத்துப் பக்கம் கதை மாதிரி ஓடியது. அப்புறம் ‘சூரிய நிறை’, ‘ஒளிர்வு’, ‘பார்செக்’ என்று வரவும் மூடி வைத்துவிட்டேன். பின்னாளில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, அவர்களும் அதே பக்கத்தில் அதே போல் நிற்பதைப் பார்த்தேன்.

வானியலில் எதையும் எடுத்து எடை போட முடியாது. நம்மை வந்தடையும் ஒளியை வைத்துத்தான் முக்கால்வாசி விஷயங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் எந்த எண்ணைப் படித்தாலும் ‘இது எப்படித் தெரிந்தது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகக்கூடிய வரிசையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன்: கணக்கைத் தூசு தட்டுங்கள்

அறிமுக நிலைக்கு நுண்கணிதம் பெரும்பாலும் தேவைப்படாது. இயற்பியலையே முக்கியப் பாடமாக எடுத்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வரும். உண்மையில் தேவைப்படுபவை மூன்று: பத்தின் அடுக்குகள், விகிதம், மடக்கை. பள்ளிப் புத்தகத்தை எடுத்து ஒரு வாரம் இவற்றுக்கு ஒதுக்குங்கள். நியூட்டனின் விதிகளையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வழுக்கல் உண்டு. நம் மனம் லட்சம், கோடியில் எண்ணும். புத்தகம் மில்லியன், பில்லியனில் பேசும். அண்டத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டுகள் என்பதை ‘138 கோடி’ என்று எழுதியவர்கள் நிறையப் பேர். அது 1380 கோடி. லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷, பில்லியன் 10⁹ என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கணக்குப் போடும்போது இந்தப் பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு அடுக்கில் மட்டும் போடுங்கள்.

கால்குலேட்டரிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒளியின் வேகம் விநாடிக்கு 3 × 10⁸ மீட்டர். இதை அடிக்கும்போது ‘3 பெருக்கல் 10’ என்று தட்டிவிட்டு, அப்புறம் அடுக்குப் பொத்தானையும் தட்டுகிறார்கள். அந்தப் பொத்தானுக்குள்ளேயே ‘பெருக்கல் 10’ அடங்கியிருக்கிறது. விடை 10 மடங்கு பெரிதாக வரும், காரணம் மட்டும் புரியாது. 3, அடுக்குப் பொத்தான், 8. அவ்வளவுதான்.

2. கோணத்தைக் கையில் பிடியுங்கள்

வானத்தில் நேரடியாக அளக்க முடிவது கோணம் மட்டுமே. ‘அந்த இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவில் ஓர் அடி தூரம்’ என்று சொன்னால் எதிராளிக்கு ஒன்றும் புரியாது. ‘பத்து பாகை’ என்றால் புரியும்.

கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள்: அதன் அகலம் சுமார் 10 பாகை. நீட்டிய கையின் சுண்டுவிரல் சுமார் 1 பாகை. முழுநிலவு அரைப் பாகைதான், சுண்டுவிரலே அதை மறைத்துவிடும். அடிவானத்தில் பெரிதாகத் தெரியும் நிலவையும் இப்படி அளந்து பாருங்கள். அளவு மாறவே மாறாது. பெரிதாகத் தெரிவது நம் மூளையின் வேலை.

ஒரு பாகைக்கு 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்துக்கு 60 வில்நொடி. ‘நிமிடம்’, ‘நொடி’ என்று பெயர் இருப்பதால் நேரம் என்று நினைத்துவிடாதீர்கள், இவை கோணங்கள்.

சூத்திரம் ஒன்றே ஒன்று போதும். பொருளின் விட்டத்தை அதன் தொலைவால் வகுத்து 2,06,265-ஆல் பெருக்கினால், அது எத்தனை வில்நொடி அகலமாகத் தெரியும் என்று வந்துவிடும். நிலவுக்குப் போடுங்கள்: 3,474 கி.மீ. விட்டம், 3,84,400 கி.மீ. தொலைவு. சுமார் 1,860 வில்நொடி, அதாவது 31 வில்நிமிடம். நீங்கள் சுண்டுவிரலால் அளந்த அரைப் பாகையேதான் இது. கணக்கும் கண்ணும் ஒரே விடையைச் சொல்லும் அனுபவம் முதல் வாரத்திலேயே கிடைத்துவிட வேண்டும்.

3. ஒரு மாதம் வெறும் கண்ணால் வானம் பாருங்கள்

தொலைநோக்கி இப்போது வேண்டாம். எந்தத் திசையில் எது இருக்கிறது என்று தெரியாதவர் கையில் அது கொஞ்ச நாளில் தூசு படிந்துவிடும். பைனாகுலர் கிடைத்தால் நல்லது. 7×50 அல்லது 10×50 போதும், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களையும் அதில் பார்த்துவிடலாம். சூரியனை மட்டும் வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ பார்க்கவே கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

ஒரே இடம், ஒரே நேரம். தெரியும் கட்டடம், மரம் ஆகியவற்றின் மேல்விளிம்பைக் கோடாக வரைந்துகொண்டு, இரண்டு மூன்று பிரகாசமான நட்சத்திரங்கள் அதற்கு எவ்வளவு மேலே இருக்கின்றன என்று முஷ்டிக் கணக்கில் குறியுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் போன் வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

சில நாளிலேயே நட்சத்திரங்கள் மேற்கே நகர்ந்துவிட்டது தெரியும். ஒவ்வொன்றும் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே உதிக்கிறது, மாதத்துக்கு 2 மணி நேரம். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒருமுறை தன்னைச் சுற்ற 23 மணி 56 நிமிடம்தான் எடுக்கிறது. மீதி 4 நிமிடம், பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்ததை ஈடுகட்ட. இந்த வரியைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், உங்கள் நோட்டில் பார்த்தால் மறக்காது.

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் படம் வரைந்த பிறகு சரிபார்க்க மட்டும் திறங்கள். முதலிலேயே திறந்தால் கண் வானத்தை விட்டுத் திரைக்குப் போய்விடும்.

4. பிறைகள்: பல்பும் பந்தும் இல்லாமல் இந்தப் பாடத்தைத் தாண்டாதீர்கள்

நான் பார்த்தவரை மாணவர்கள் அதிகம் தப்பாகச் சொல்லும் பாடம் இதுதான். நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டால் ‘பூமியின் நிழல் விழுவதால்’ என்று பட்டென்று பதில் வரும். அது சந்திர கிரகணத்துக்கான பதில்.

இருட்டு அறையில் ஒரே ஒரு பல்பை முகத்தின் உயரத்தில் எரியவிடுங்கள். உங்கள் தலைதான் பூமி. வெளிர் நிறப் பந்து ஒன்றை நீட்டிய கையில், தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு பல்பைப் பாருங்கள். பந்தின் இருட்டுப் பக்கம்தான் உங்களுக்குத் தெரியும்: அமாவாசை. இப்போது மெதுவாக இடப்பக்கம் திரும்புங்கள். பந்தின் வலது ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கீற்று வரும். கால் சுற்று திரும்பியதும் வலது பாதி முழுக்க வெளிச்சமாகும். பல்புக்கு முதுகைக் காட்டும்போது முழுவதும் ஒளிரும். அது பௌர்ணமி.

கவனியுங்கள்: பந்தின் ஒரு பாதி எப்போதும் ஒளிர்ந்துகொண்டேதான் இருந்தது. அந்தப் பாதியில் எவ்வளவு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டுமே மாறியது. உங்கள் தலையின் நிழல் எங்கேயும் குறுக்கே வரவில்லை. அதையும் பார்க்க வேண்டுமா? பௌர்ணமி நிலையில் பந்தைத் தலையின் உயரத்துக்கு இறக்குங்கள். நிழல் பொத்தென்று விழும். அதுதான் கிரகணம். நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான மாதங்களில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது.

தேர்வில் கேட்பது பெரும்பாலும் நேரம்தான்: வளர்பிறை அரைநிலவு எப்போது உதிக்கும்? மனப்பாடம் செய்யாதீர்கள். பந்தை அந்த நிலையில் பிடித்துக்கொண்டு, பல்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். நிலவு சூரியனுக்குக் கிழக்கே 90 பாகை, அதாவது 6 மணி நேரம் பின்தங்கி வருகிறது. எனவே நண்பகல் வாக்கில் உதித்து, மாலையில் உச்சிக்கு வந்து, நள்ளிரவில் மறையும். இதே முறையில் எல்லாப் பிறைகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

5. பருவங்களும் சுற்றுப்பாதைகளும்

கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அடுத்த பிழை. ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஜூலையில் 15.2 கோடி. வடகோளத்துக்கு ஜனவரி குளிர்காலம். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது.

இந்தப் பிழைக்குப் பாதிப் பொறுப்பு பாடப்புத்தகப் படங்களுக்குத்தான். பூமியின் பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அதைக் காகிதத்தில் சரியான அளவில் வரைந்தால் வட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

கெப்ளரின் மூன்றாம் விதியை ஆண்டு, வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம்) என்ற இரண்டு அலகுகளில் போடுங்கள். ஒரு கோள் சூரியனை ஒருமுறை சுற்றும் காலத்தின் வர்க்கம், சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவின் கனத்துக்குச் சமம். வியாழன் 5.2 வானியல் அலகு தொலைவில் இருக்கிறது. 5.2-இன் கனம் சுமார் 140.6, வர்க்கமூலம் 11.86 ஆண்டு. மாறிலியே வேண்டாம். மீட்டரும் விநாடியுமாக மாற்றிக்கொண்டு போடுபவர்கள்தான் வழியில் எங்கேயாவது ஒரு சுழியைத் தொலைப்பார்கள்.

6. ஒளி: இங்கே அதிக நாள் செலவிடுங்கள்

பாடத்தின் முதுகெலும்பு இதுதான். அவசரமாகத் தாண்டியவர்கள் பின்னால் எல்லா அத்தியாயத்திலும் திண்டாடுவார்கள்.

முதலில் வெப்பநிலை. வீன் விதிப்படி, 29 லட்சத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் ஒளி உச்சமாக வெளிப்படும் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். சூரியன் சுமார் 5,800 கெல்வின், எனவே 500 நானோமீட்டர். திருவாதிரை சுமார் 3,500 கெல்வின்: 830 நானோமீட்டர், அகச்சிவப்பில் போய் நிற்கிறது. நீல நட்சத்திரம் சூடு அதிகம், சிவப்பு நட்சத்திரம் சூடு குறைவு. குழாயில் சுடுநீருக்குச் சிவப்பு அடையாளம் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ‘500 என்றால் பச்சை ஆயிற்றே, சூரியன் ஏன் பச்சையாக இல்லை?’ என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. உச்சம் அங்கே இருந்தாலும் மற்ற நிறங்களும் ஏறக்குறைய அதே அளவில் வருகின்றன. எல்லாம் சேர்ந்து வெள்ளையாகிவிடுகிறது.

அடுத்து நிறமாலைக் கோடுகள். நிறமாலை என்பது ஒளியை நிறவாரியாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டை. அடர்ந்த சூடான பொருள் தொடர் நிறமாலை தரும். மெல்லிய சூடான வாயு ஒளிர்கோடுகள் தரும். தொடர் ஒளி குளிர்ந்த வாயு வழியாக வந்தால் இருண்ட கோடுகள் விழும். பெயர்களை விட்டுவிட்டு ‘ஒளி எங்கிருந்து கிளம்பியது, நடுவில் என்ன இருந்தது, நான் எங்கே நிற்கிறேன்’ என்று மூன்று பெட்டி வரைந்து பழகுங்கள்.

ஒரு நட்சத்திரத்தில் ஹைட்ரஜன் கோடு மங்கலாக இருந்தால் அங்கே ஹைட்ரஜன் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். சூரியனில் அந்தக் கோடுகள் சிரியஸ் நட்சத்திரத்தில் இருப்பதைவிட மங்கல்தான், ஆனால் சூரியனும் பெரும்பாலும் ஹைட்ரஜனே. கோட்டின் வலிமையை முதலில் தீர்மானிப்பது வெப்பநிலை. கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகள் சுமார் 10,000 கெல்வினில்தான் மிக வலுவாக இருக்கும். நட்சத்திரங்களை வகைப்படுத்தும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசையும் வெப்பநிலை இறங்கும் வரிசையே.

மூன்றாவது டாப்ளர் விளைவு: பொருள் நம்மை நெருங்கினாலோ விலகினாலோ அதன் ஒளியின் அலைநீளம் மாறித் தெரிவது. ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் இருக்கும் ஹைட்ரஜன் கோடு ஒரு நட்சத்திரத்தில் 656.5-இல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.2-ஐ 656.3-ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்குங்கள்: விநாடிக்குச் சுமார் 91 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. இத்தனை வேகத்துக்கும் கோடு இம்மியளவுதான் நகர்ந்திருக்கிறது. அதனால் ‘விலகும் நட்சத்திரம் சிவப்பாகத் தெரியும்’ என்பது தவறு. நிறம் வெப்பநிலையைச் சொல்லும். வேகத்தைச் சொல்வது கோட்டின் இடம்.

7. பொலிவெண்: ரேங்க் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்

பொலிவெண் என்பது வானத்துப் பொருளின் பிரகாசத்தைக் குறிக்கும் எண். எண் குறைந்தால் பிரகாசம் அதிகம். குழப்பமாகத் தோன்றினால் வகுப்பு ரேங்கை நினையுங்கள்: முதல் ரேங்க் ஆறாம் ரேங்கைவிட மேல். 5 எண் வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் 100 மடங்கு. சூரியன் −26.7, முழுநிலவு −12.7. வித்தியாசம் 14, பிரகாசத்தில் சுமார் 4 லட்சம் மடங்கு.

தோற்றப் பொலிவெண் நமக்குத் தெரிவது. தனிப் பொலிவெண் அதே பொருளை 10 பார்செக் (தொலைவை அளக்கும் அலகு, அடுத்த பகுதியில் வரும்) தொலைவில் வைத்தால் தெரிவது. இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த பகுதி முழுக்க வீண். ஒரு நட்சத்திரத்துக்குத் தோற்றம் 8, தனி 3 என்றால், 100 மடங்கு மங்கலாகத் தெரிகிறது. பிரகாசம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் 10 மடங்கு தள்ளி இருக்கிறது: 100 பார்செக். சூத்திரத்தைப் போடும் முன் இப்படி மனத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

8. தொலைவு

கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி மற்றொரு கண்ணை மூடுங்கள். விரல் பின்னணியில் தாவும். இதுதான் இடமாறு தோற்றம். பூமியின் பாதையின் இரு முனைகள்தான் இரண்டு கண்கள். 1-ஐ இடமாறு கோணத்தின் வில்நொடியால் வகுத்தால் தொலைவு பார்செக்கில் வரும். பிராக்சிமா சென்டாரிக்கு 0.77 வில்நொடி, எனவே 1.3 பார்செக், அதாவது 4.24 ஒளியாண்டு.

ஆறு மாத இடைவெளியில் அளந்த முழுத் தாவலையும் சூத்திரத்தில் போடுவது வழக்கமான பிழை. போட வேண்டியது அதில் பாதி. இன்னொன்று, ஒளியாண்டும் பார்செக்கும் தூரங்கள். ‘நான்கு ஒளியாண்டுக்கு முன்பு’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

9. எச்-ஆர் வரைபடத்தை நீங்களே வரையுங்கள்

எச்-ஆர் (ஹெர்ட்ஸ்பிரங்-ரஸ்ஸல்) என்பது நட்சத்திரங்களின் வெப்பநிலையையும் ஒளிர்வையும் ஒரே படத்தில் காட்டும் வரைபடம். அச்சிட்ட படத்தைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது. கிடை அச்சில் வெப்பநிலை; இடது பக்கம் அதிகம், வலது பக்கம் குறைவு. செங்குத்தில் ஒளிர்வு (நட்சத்திரம் விநாடிக்கு வெளியிடும் மொத்த ஆற்றல்), சூரியன் 1. ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 மடங்கு. சூரியன், சிரியஸ் (சுமார் 9,900 கெல்வின், 25 மடங்கு ஒளிர்வு), பிராக்சிமா (சுமார் 3,000 கெல்வின், 600-இல் ஒரு பங்கு) மூன்றையும் புள்ளி வையுங்கள். மூன்றும் மேலிருந்து கீழாக ஒரு பட்டையில் விழும். அதுதான் முதன்மை வரிசை.

இப்போது சிரியஸின் மங்கலான துணையை வையுங்கள். சுமார் 25,000 கெல்வின், ஆனால் ஒளிர்வு சூரியனில் 40-இல் ஒரு பங்குதான். இவ்வளவு சூடாக இருந்தும் ஏன் இத்தனை மங்கல்? ஒளிர்வு ஆரத்தின் வர்க்கத்தையும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கையும் பொறுத்தது. வெப்பநிலை விகிதம் 4.3, அதன் நான்காம் அடுக்கு சுமார் 342. எனவே ஆரத்தின் வர்க்கம் 40 × 342-இல் ஒரு பங்கு, ஆரம் சுமார் 117-இல் ஒரு பங்கு. சூரியனின் ஆரம் 6.96 லட்சம் கி.மீ.; வகுத்தால் 6,000 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட பூமியின் அளவு! தொட முடியாத ஒன்றின் அளவை இரண்டு எண்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டோம். இப்படிச் சூடாகவும் மிகச் சிறிதாகவும் இருப்பதைத்தான் வெண்குறுமீன் என்கிறார்கள். இதை ஒருமுறை கையால் போட்டவர்களுக்கு அந்தச் சொல் பிறகு மறப்பதே இல்லை.

இந்தப் படம் வானத்தின் வரைபடம் அன்று. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வானத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. நட்சத்திரங்கள் முதன்மை வரிசையில் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருவதும் இல்லை. பிறந்த நிறைக்கு ஏற்ற இடத்தில் வெகுகாலம் தங்கி, எரிபொருள் தீரும்போது விலகும்.

10. மீதி அத்தியாயங்கள் இப்போது வேகமாகப் போகும்

விண்மீனின் வாழ்க்கையில் நிறையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சூரியன் முதன்மை வரிசையில் சுமார் 1000 கோடி ஆண்டு இருக்கும். 10 மடங்கு நிறை கொண்டது சில கோடி ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். பெரிய வண்டிக்குப் பெரிய டேங்க், ஆனால் அதைவிடப் பெரிய தாகம். வெண்குறுமீன் தாங்கக்கூடிய அதிகபட்ச நிறைக்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர்; அது 1.4 சூரிய நிறை, கடைசியில் எஞ்சும் வெண்குறுமீனுக்கானது. பிறக்கும்போது உள்ள நிறைக்கு அதைப் பொருத்தி, ‘2 சூரிய நிறை நட்சத்திரம் நியூட்ரான் விண்மீனாகும்’ என்று எழுதுகிறார்கள். அது வாழ்நாளில் நிறையப் பொருளை உதிர்த்துவிட்டு வெண்குறுமீனாகத்தான் முடியும்.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்பதும் சினிமா பாதிப்பு. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையில் ஒரு கருந்துளையை வைத்தால் பூமி அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும், இருட்டில்.

கேலக்ஸிகளுக்கு வரும்போது ஹபிள் விதி: தொலைவில் ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும் (பத்து லட்சம் பார்செக்) விநாடிக்குச் சுமார் 70 கி.மீ. என்ற கணக்கில் அவை விலகுகின்றன. ஆந்திரோமீடா கேலக்ஸி மட்டும் ஏன் நம்மை நோக்கி வருகிறது என்று கேட்பார்கள். சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்பது இந்த அளவுகோலில் பக்கத்து வீடு. அங்கே ஈர்ப்பு விரிவை வென்றுவிடுகிறது. ‘பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது?’ என்ற கேள்விக்கு, விரிவது அண்டவெளிதான், அதனால் தனியாக ஓர் இடம் இல்லை என்பது பதில். ரப்பர் பட்டையில் நான்கு புள்ளி வைத்து இழுங்கள். எந்தப் புள்ளியில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை விலகும்.

11. வாரப் படிப்பும் தேர்வும்

வகுப்புக்கு முன் அத்தியாயத்தின் படங்களையும் அடிக்குறிப்புகளையும் மட்டும் பாருங்கள், பத்து நிமிடம். வகுப்புக்குப் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் படத்தைக் கையால் வரையுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் புரியவில்லை. மஞ்சள் மார்க்கரால் பக்கம் பக்கமாகக் கோடு போட்டு யாரும் இந்தப் பாடத்தில் தேறி நான் பார்த்ததில்லை.

கணக்கில் முடிந்தவரை சூரியனோடோ பூமியோடோ ஒப்பிட்டு விகிதமாகப் போடுங்கள். மாறிலிகள் இரு பக்கமும் அடிபட்டுப் போகும். விடை வந்ததும் அலகைப் பாருங்கள், அப்புறம் அளவைப் பாருங்கள். ஒரு விண்மீனின் தொலைவு 40 கி.மீ. என்று எழுதிய விடைத்தாள் என் கையில் வந்திருக்கிறது. சூத்திரம் சரி, அலகு மாற்றமும் சரி; கால்குலேட்டரில் அடுக்குக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விழுந்திருந்தது.